1886-ஆ, 1895-ஆ? வின்செஸ்டரின் இரண்டு பெரிய லீவர் துப்பாக்கிகள்

லீவர் துப்பாக்கி (விசைக்கு அடியில் இருக்கும் கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும்) என்றதும் கௌபாய் படம்தான் ஞாபகம் வரும். அந்தப் படங்களில் கையில் இருப்பது பெரும்பாலும் சின்னத் தோட்டா போடும் 1873, 1892 மாடல்கள். மான் வரைக்கும் சரி, கரடி எதிரே வந்தால் அதை நம்பி நிற்க முடியாது. பெரிய மிருகத்துக்கென்று வந்தவை வேறு. 1876 மாடலை வைத்து, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் 1884-இல் பிக்ஹார்ன் மலையில் கிரிஸ்லி கரடியே சுட்டிருக்கிறார், ஆனால் அது 1873-இன் உள்ளமைப்பையே ஊதிப் பெரிதாக்கியதுதான், அமெரிக்க ராணுவத்தின் .45-70 தோட்டா அதற்குள் நீளத்தில் அடங்கவே இல்லை. அதனால் அதை ஓரம் வைத்துவிடலாம். உண்மையான போட்டி 1886-க்கும் 1895-க்கும்தான். வேடிக்கை என்னவென்றால் இரண்டையும் வடிவமைத்தவர் ஒரே ஆள், ஜான் பிரவுனிங்.

1886-இல் பிரவுனிங் செய்த காரியம் எளிமையானது. லீவரை மூடும்போது இரண்டு தடித்த எஃகுக் கட்டைகள் செங்குத்தாக மேலே ஏறி, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை இருபுறமும் பூட்டிவிடும். 1873, 1876-இல் இருந்த பழைய முட்டிக் கீல் அமைப்பை (முழங்கால் மாதிரி மடிந்து நீளும் இணைப்பு) இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தகர டப்பா மாதிரி இருக்கும். இது எவ்வளவு உறுதி என்பதற்கு ஒரே சாட்சி போதும்: ஐம்பது வருஷம் கழித்து, கருமருந்தைவிட அழுத்தம் கூடிய புகையில்லா வெடிமருந்துக் காலத்தில், இதே அமைப்பைக் கொஞ்சம் திருத்தித்தான் மாடல் 71 என்று விற்றார்கள். லீவர் வெண்ணெய் மாதிரி ஓடும் என்பார்கள், அதில் மிகை இல்லை.

ஆனால் 1886-இன் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் இடம், குழலுக்கு அடியில் ஓடும் இன்னொரு குழாய். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், முன்னால் இருப்பதன் பின்புறத் தொப்பியில் (அடிபட்டால் மருந்தைப் பற்றவைப்பது அதுதான்) பின்னால் இருப்பதன் மூக்கு முட்டும். கூர் மூக்குக் குண்டு போட்டால் உதையில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால் தட்டை மூக்குதான். .45-70 என்றால் 405 கிரெயின் ஈயம், அதாவது 26 கிராம், நொடிக்கு சுமார் 400 மீட்டர். நூறு மீட்டருக்குள் அடித்துச் சாய்க்கும். அதைத் தாண்டினால் குண்டு தலைகீழாக விழுகிற மாதிரி இறங்கும், தூரத்தைச் சரியாகக் கணிக்கத் தெரியாதவன் மிருகத்தின் காலடி மண்ணைத்தான் சுடுவான்.

1895 இதைத்தான் தீர்த்தது. குழாய்க்குப் பதில் நடுவில் பெட்டி மேகசின். கூர்க் குண்டும் போடலாம், ராணுவத் தோட்டாவும் போடலாம்; முதல் உலகப் போரில் ரஷ்யா சுமார் மூன்று லட்சம் துப்பாக்கிகளைத் தன் தோட்டாவுக்கே செய்து வாங்கிக்கொண்டது. வேட்டைக்காரர்களுக்கு முக்கியம் இந்தத் துப்பாக்கிக்காக 1904-இல் வந்த .405 தோட்டா. 300 கிரெயின் குண்டு, நொடிக்கு 670 மீட்டர். ரூஸ்வெல்ட் 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு இதைக் கொண்டுபோய் சிங்கம் சுட்டார், அதிலிருந்துதான் இதற்கு இவ்வளவு பேர். யானைக்கோ அவர் இங்கிலாந்தின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இரட்டைக் குழல் துப்பாக்கியைத்தான் எடுத்தார், அதை யாரும் சொல்வதில்லை. விட்டத்துக்கு .405-இன் குண்டு எடை குறைவு. சிங்கம், புலி போன்ற மெல்லிய தோலில் வேலை செய்யும். காண்டாமிருகத்தின் தோலையும் எலும்பையும் தாண்டி ஆழமாகப் போகும் என்று நான் நம்ப மாட்டேன்.

கையில் பிடித்தால் 1895 ஒரு தொந்தரவு. சரியாக எடை நிற்கும் இடத்தில்தான் அந்தப் பெட்டி துருத்திக்கொண்டிருக்கும், ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கவே முடியாது. மேல்புறம் திறப்பு, தூசியும் இலையும் விழும். லீவரைத் திறந்தால் உறுப்புகள் வெளியே தொங்குவது வெட்டுக்கிளி காலை விரித்த மாதிரி. பிறை வடிவத் தகடு போட்ட பின்கட்டையோடு .405 சுட்டால் தோளில் தழும்பு நிச்சயம்.

அப்புறம் தோட்டா கிடைப்பது. .45-70 இன்றுவரை செய்கிறார்கள். .405 நடுவில் பல வருஷம் காணாமலே போய், பிற்பாடுதான் திரும்பி வந்தது. ஒரு எச்சரிக்கை: நவீன துப்பாக்கிக்கென்று வரும் கடும் அழுத்த .45-70 தோட்டாவைக் கருமருந்துக் கால 1886-இல் போடவே கூடாது. அமைப்பு உறுதிதான், ஆனால் அந்தக் காலக் குழல் எஃகு வேறு.

எனக்கு 1886. நெருங்கிய காடு, எல்க் என்ற பெரிய மான் அல்லது கரடி, ஐம்பது அறுபது மீட்டர் என்றால் வேறு எதையும் தேட மாட்டேன். வெட்டவெளியில், பாய்ந்து வரும் பூனை இனத்துக்கு 1895-ஐ விட்டுக்கொடுக்கிறேன். அதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதுகூட இல்லை. பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன், வேட்டை சட்டப்படி நடந்த நாட்களில், சேலம், ஓசூர் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளின் பின்னால் அலைந்தபோது தோளில் இருந்தது .405 வின்செஸ்டர்தான்.