தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் உள்ள வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு எந்த வேதாகமம்?

டொரன்டோவின் ஸ்கார்பரோவிலோ லண்டனின் ஹாரோவிலோ வளரும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தமிழ் பேசினால் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னால் தடுமாறும். அந்தப் பிள்ளையும், ஆங்கிலம் வராத அப்பம்மாவும் இரவு எட்டு மணிக்கு ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே அதிகாரத்தை வாசிக்க வேண்டும். இந்த ஒரு வேலையை மனத்தில் வைத்தே இரண்டு பொருள்களை இங்கே மதிப்பிடுகிறேன். ஒன்று, அச்சில் கிடைக்கும் தமிழ்–ஆங்கில இருமொழி வேதாகமம். மற்றது, பலரும் கைப்பேசியில் வைத்திருக்கும் யூவெர்ஷன் பைபிள் ஆப்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசைக்கு அச்சுப் புத்தகம். காருக்கும் காதுக்கும் ஆப். ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் வாங்கினால் இரண்டுமே காலை வாரிவிடும்.

இருமொழிப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகள். ஒன்றில் தமிழ், பக்கத்தில் அதே வசனம் ஆங்கிலத்தில். தமிழ்ப் பக்கம் பெரும்பாலும் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையாக வந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது அது. ஆங்கிலப் பக்கம் எல்லாப் பதிப்பிலும் ஒன்றல்ல. கிங் ஜேம்ஸ், நியூ கிங் ஜேம்ஸ், என்.ஐ.வி., ஈ.எஸ்.வி. என்று ஆங்கில மொழிபெயர்ப்பு வேறுபடும். வாங்குகிறவர்கள் அட்டையின் நிறத்தையும் ஜிப்பையும் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது இதைத்தான்.

காரணம் இது. நம் பழைய மொழிபெயர்ப்பும் கிங் ஜேம்ஸும் நியூ கிங் ஜேம்ஸும் புதிய ஏற்பாட்டுக்கு எடுத்துக்கொண்ட கிரேக்க மூலம் ஒரே மரபைச் சேர்ந்தது. என்.ஐ.வி.யும் ஈ.எஸ்.வி.யும் அதைவிடப் பழைய கையெழுத்துப் படிகளை ஆதாரமாகக் கொண்டவை. அந்தப் படிகளில் இல்லாத சில வசனங்களை அவை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டன. மத்தேயு 17:21, 18:11, மாற்கு 9:44, 9:46, யோவான் 5:4, அப்போஸ்தலர் 8:37 எல்லாம் அப்படிப்பட்டவை. ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்கும் வீட்டில் என்ன நடக்கும்? அப்பா தமிழில் மாற்கு 9:43 வாசித்து முடிப்பார். அடுத்தது பிள்ளையின் முறை. அதன் ஆங்கிலப் பக்கத்தில் 44 இல்லாததால் 45-ஐ வாசிக்கும். அம்மா தமிழில் 44-இல் நிற்பார். யாரோ தப்பாக வாசிக்கிறார்கள் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். யாரும் தப்பு செய்யவில்லை. பிள்ளை கொஞ்சம் பெரியதென்றால், "என் பைபிளில் ஏன் இந்த வசனத்தை எடுத்துவிட்டார்கள்?" என்று கேட்கும். அதற்கு நேர்மையான பதில் உண்டு, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லவும் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை தூங்கி வழியும் இரவு எட்டு மணி அதற்கான நேரம் அல்ல.

கர்த்தருடைய ஜெபத்திலும் இதே இடறல் உண்டு. தமிழில் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே" என்று முடிக்கிறோம். மத்தேயு 6:13-இல் அந்த முடிவு என்.ஐ.வி.யிலும் ஈ.எஸ்.வி.யிலும் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. பார்த்து வாசிக்கும் பிள்ளை பாதியில் நின்றுவிடும். ஆகவே ஆங்கிலப் பக்கம் நியூ கிங் ஜேம்ஸாக இருக்கும் பதிப்பே இந்த வேலைக்குப் பொருத்தம். கிங் ஜேம்ஸும் வசனத்துக்கு வசனம் நேராக வரும். ஆனால் அதன் ஆங்கிலம் நம் பழைய தமிழைப் போலவே பிள்ளைக்கு இன்னொரு பாடமாகிவிடும்.

அடுத்தது எழுத்து. இது பலருக்கும் வாங்கிய பிறகுதான் தெரியவரும். தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் 1978-இல் வந்தது. அதற்கு முந்தைய வடிவங்களில் அச்சான வேதாகமங்கள் இன்றும் பல வீடுகளில் புழங்குகின்றன. அவற்றில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போட்டு நிற்கும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக இல்லாமல் எழுத்தோடு வளைந்து கிடக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் புதிய வடிவத்தைப் படித்த பிள்ளைக்கு இவை தெரியாத எழுத்துகள். பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று நாம் நினைக்கிறோம், அந்த எழுத்தை அது பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. ஊரிலிருந்து யாராவது கொண்டுவருவதாக இருந்தால், சங்கீதம் 23 உள்ள பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து வடிவமும் அளவும் தாளின் மெல்லிசும் அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் வசனம் ஆங்கிலத்தைவிட அதிக இடம் எடுக்கும். அதனால் இருமொழிப் புத்தகத்தில் ஆங்கிலப் பத்தியில் வெள்ளை இடைவெளிகள் விழும், தமிழ்ப் பத்தி நெருக்கமாக இருக்கும். மொத்தப் புத்தகம் கனமாகிவிடாமல் இருக்க எழுத்தைச் சிறிதாக்குவார்கள். அப்பம்மாவுக்கு அது ஆகாது. அவருக்குப் பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம் தனியாக வேண்டும். இருமொழிப் புத்தகம் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவில் விரித்துவைக்க. ஒரே புத்தகத்தில் மூன்று தலைமுறையையும் அடக்கப் பார்த்தால் யாருக்கும் சரியாக வராது.

இனி இந்தப் புத்தகம் உண்மையில் எதில் சிறக்கிறது என்பதற்கு வருகிறேன். 1 பேதுரு 5:7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." இன்றைய பேச்சில் விசாரிப்பது என்றால் போலீஸ் விசாரணை, இல்லையென்றால் முகவரி விசாரிப்பது. தமிழை வீட்டுப் பேச்சில் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தேவன் நம்மைக் குறுக்கு விசாரணை செய்கிறார் என்றே தோன்றும். பக்கத்துப் பத்தியில் கண்ணை ஓட்டினால், அக்கறையோடு பார்த்துக்கொள்கிறவர் என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும். "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்பதும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் சோதனை என்றால் பரீட்சை. ஆண்டவரே, பரீட்சை வேண்டாம் என்று ஒரு பிள்ளை உள்ளம் உருகி ஜெபித்துக்கொண்டிருக்கக்கூடும்! மாம்சம், நீடிய சாந்தம், கிருபை, இரட்சிப்பு என்று இப்படி இருபது முப்பது சொற்கள் உண்டு. அவற்றைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் பக்கத்து ஆங்கிலச் சொல்லோடு ஒரு கோட்டால் இணைத்துவிடுங்கள். மெல்லிய தாள் என்பதால் பேனா மை மறுபக்கம் ஊறும். மென்மையான பென்சிலே போதும்.

ஆனால் சொல்லுக்குச் சொல் விரல் வைத்து ஒப்பிடச் சொல்லாதீர்கள். யோவான் 3:16-ஐ ஆங்கிலத்தில் வாசித்தால் தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்பது முதலில் வரும். நம் தமிழில், "தேவன், தம்முடைய ஒரேபேறான குமாரனை விசுவாசிக்கிறவன் எவனோ" என்று தொடங்கி, நித்தியஜீவனைக் கடந்து, "இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்" என்று கடைசியில்தான் அன்பு வந்து சேரும். விரல் வைத்த பிள்ளை இரண்டாவது சொல்லிலேயே வழி தவறிவிடும். முழு வசனத்தையும் ஆங்கிலத்தில் ஒரு முறை வாசித்து, பிறகு தமிழில் காதால் கேட்கச் செய்வதே சரியான முறை. அந்தக் கடைசிச் சொல்லில் குரல் இறங்கும் அழகைக் காது பிடித்துக்கொள்ளும்.

எளிய தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கும்போது இந்தப் பழைய தமிழை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஈ.ஆர்.வி. என்ற எளிதில் வாசிக்கும் பதிப்பில் வாக்கியங்கள் குட்டையானவை. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அது நல்ல ஏணி, சுவிசேஷங்களை அதில் தொடங்கலாம். ஆனால் மனப்பாடத்துக்கு நான் பழையதையே சொல்வேன். சபையில் போதகர் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கும்போதும், ஊருக்குப் போய்த் தாத்தாவின் கட்டிலருகே நிற்கும்போதும் கூடச் சொல்லத் தேவைப்படுவது அந்தச் சொற்கள்தான்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்த ஆலோசனை அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வேண்டும். தோபித்து, யூதித்து, சீராக்கின் ஞானம், மக்கபேயர் உள்ளிட்ட நூல்களும் சேர்ந்து 73 நூல்கள் உள்ள பதிப்பா என்று பார்த்து வாங்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் என்பதால் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் புரியும்: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." கணவர் சி.எஸ்.ஐ., மனைவி ஆர்.சி. என்றுள்ள வீடுகளில் முதல் குழப்பம் புத்தகப் பெயரிலேயே தொடங்கும். ஆதியாகமம் அங்கே தொடக்க நூல். யாத்திராகமம் விடுதலைப் பயணம். சங்கீதம் திருப்பாடல்கள். அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். அட்டையின் உள்பக்கத்தில் இரண்டு பெயர்களையும் பக்கத்துப் பக்கமாக எழுதி ஒட்டிவிட்டால் தேடும் நேரம் மிச்சம்.

இப்போது ஆப். யூவெர்ஷனை அமெரிக்காவின் லைஃப்.சர்ச் என்ற சபை நடத்துகிறது. 2008-இல் வந்தது, இலவசம், விளம்பரம் இல்லை. பழைய மொழிபெயர்ப்பு, ஈ.ஆர்.வி. உட்படப் பல தமிழ்ப் பதிப்புகள் அதில் உண்டு. ஒரு வசனத்தை அழுத்தி ஒப்பிடும் வசதியைத் தேர்ந்தால் அதே வசனம் வேறு பதிப்புகளில் வரிசையாக வரும். கணினியில் பைபிள்.காம் தளத்தைத் திறந்தால் இரண்டு மொழிகளைப் பக்கத்துப் பக்கமாக வைக்கலாம். பெரிய திரையோடு இணைத்தால் அப்பம்மாவுக்கும் எழுத்து தெரியும். ஆப்பின் மொழியும் வேதாகமத்தின் மொழியும் தனித்தனி அமைப்புகள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டன்களை ஆங்கிலத்திலேயே விட்டு, வேதாகமத்தை மட்டும் தமிழாக்கிக் கொடுத்தால் பிள்ளை திணறாது.

அதன் குறை ஆப்பில் இல்லை, கைப்பேசியில் இருக்கிறது. வாசிப்பின் நடுவே வாட்ஸ்அப் ஒலிக்கும், ஒரு கை தானாக மேலே தள்ளும். வேண்டிய பதிப்பை முன்பே தரவிறக்கி வைத்து, ஜெபத்துக்கு உட்காரும்போது கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு (airplane mode) மாற்றிவிடுங்கள். எல்லாப் பதிப்பையும் தரவிறக்க முடியாது. பதிப்பாளர் அனுமதித்தவற்றை மட்டுமே இறக்கலாம். ஆகவே சுரங்க ரயிலிலோ விமானத்திலோ ஏறுவதற்கு முன் இணையத்தை அணைத்து ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஊரில் இருப்பவர்களோடு சேர்ந்து ஜெபிக்க வீடியோ அழைப்பு இல்லாமல் முடியாது. டொரன்டோவில் இரவு எட்டு என்பது கோடையில் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் மறுநாள் விடியற்காலை ஐந்தரை. குளிர்காலத்தில் ஆறரை. நம் இரவு ஜெபம் அவர்களுடைய காலை ஜெபமாக அழகாகப் பொருந்தும். லண்டனில் அப்படி அமையாது. அங்கே ஞாயிறு பிற்பகல் மூன்று மணியே நல்லது, ஊரில் இரவு ஏழரை அல்லது எட்டரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் பிரிட்டனில் கடிகாரம் மாறும். டொரன்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஊரில் கடிகாரம் மாறுவதில்லை என்பதால் அந்த வாரம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயதானவர்கள் ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக் காத்திருப்பது மனத்துக்குக் கஷ்டம்.

அழைப்பில் சேர்ந்து பாட முடியாது. ஒலி போய்ச் சேரத் தாமதமாவதால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போய்ப் பல்லவியிலேயே பாட்டு உடைந்துவிடும். ஒரு வீடு பாட, மற்ற வீடு ஒலியை அணைத்துக்கொண்டு கூடப் பாடட்டும். அடுத்த சரணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஜூமில் ஆர்மோனியமும் கஞ்சிராவும் விட்டுவிட்டுக் கேட்டால், அது அவற்றை இரைச்சல் என்று நினைத்து வெட்டுகிறது. ஒலி அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி என்பதை இயக்குங்கள். கட்டணமில்லாக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு அறுந்துவிடும். பாட்டும் வாசிப்பும் முதலில், விண்ணப்பங்கள் பிறகு, ஆசீர்வாத ஜெபம் 35-ஆம் நிமிடத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி வேதாகமத்துக்கு பைபிள்.ஈஸ் என்ற ஆப்பில் தமிழ் கிடைக்கிறது. வாசிப்புத் தெளிவு, காரில் கேட்க நன்று. ஆனால் பிள்ளைக்குப் பழக்கமான குரல் அதைவிட மேல். ஊரில் உள்ள தாத்தாவையோ ஆச்சியையோ தினமும் ஒரு பகுதி வாசித்து வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். 119-ஆம் சங்கீதம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள், ஒரு பகுதி ஏறக்குறைய ஒரு நிமிடம். பிள்ளை இருமொழிப் புத்தகத்தை விரித்து ஆங்கிலப் பத்தியில் கண்ணை ஓட்டியபடி அந்தக் குரலைக் கேட்கட்டும். 22 நாள் முடிந்ததும் அந்தக் கோப்புகளைக் கைப்பேசியிலிருந்து எடுத்து, நாள் குறித்து, வேறொரு இடத்திலும் ஒரு பிரதி சேமித்துவையுங்கள்.