கம்பியைக் கடித்த கடலை: ஹாம்ஸ்டருடன் இரண்டு ஆண்டுகள்

கடலை எங்கள் சென்னை வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பொன்னிறச் சிரிய ஹாம்ஸ்டர், எலியைப் போன்ற ஒரு சிறு வளர்ப்பு உயிர். முதல் மூன்று மாதமும் இரவு பதினொரு மணிக்கு மேல் கூண்டுக் கம்பியை நறநறவென்று கடிக்கும். வாங்கிய கடையில் கேட்டேன். "பல் தீட்டுகிறது, பயப்படாதீர்கள்" என்றார்கள். நம்பிவிட்டேன். மூக்கின் மேல் முடி உதிர்ந்து தோல் சிவந்த பிறகுதான் மனம் உறுத்தியது. பல் தீட்டப் போட்ட மரத்துண்டு தொடாமலே கிடந்தது.

சிரிய ஹாம்ஸ்டர் வளை தோண்டி வாழும் உயிர். 1930-இல் சிரியா நாட்டின் அலெப்போ நகர் அருகே ஒரு வயலை ஆழத் தோண்டித்தான் ஒரு தாயையும் குட்டிகளையும் பிடித்தார்கள். இன்று வீடுகளில் வளர்பவை பெரும்பாலும் அந்த வழிவந்தவை. அதற்கு நான் கொடுத்திருந்தது மூன்று சென்டிமீட்டர் மரத்தூள்!

ஒரு மீட்டர் நீளக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். காகிதத் துருவலையும் காய்ந்த புல்லையும் அடுக்கடுக்காக அழுத்தி 30 சென்டிமீட்டர் நிரப்பினேன். அன்றிரவு கடலை சுவரோரமாக மோந்துகொண்டே ஒரு சுற்று வந்தது. பிறகு ஒரு மூலையில் முன்கால்களால் பறித்து, பின்கால்களால் தள்ளி, இரண்டே நிமிடத்தில் உள்ளே மறைந்தது. வெளியே வந்து சூரியகாந்தி விதைகளைக் கன்னப் பை புடைக்க அடைத்துக்கொண்டு மறுபடி இறங்கியது. விடியும்வரை இதே வேலை. கண்ணாடியில் கடிக்கக் கம்பி ஏது என்று கேட்கலாம். நிம்மதியில்லாத ஹாம்ஸ்டர் கண்ணாடி மூலையை ஓயாமல் பிறாண்டும், கடலை பிறாண்டவில்லை. மூக்கில் முடியும் வளர்ந்துவிட்டது.

சக்கரத்தையும் மாற்றினேன். பழையதில் முதுகு வளைந்தே ஓடியது; இப்போது 28 சென்டிமீட்டர் விட்டம், கம்பி இடைவெளி இல்லாத தளம். சித்திரை வெயிலுக்கு ஒரு சிறு மண்பானையைச் சாய்த்து வைத்தேன். மதியம் முழுக்க அதற்குள் தட்டையாகப் படுத்திருக்கும். படுக்கையை முழுவதும் மாற்றுவதை விட்டுவிட்டேன், தன் வாசனை போனால் கலங்கிப்போகிறது. ஈரமான இடத்தை மட்டும் எடுக்கிறேன்.

"துணைக்கு இன்னொன்று வாங்கலாமா, அப்பா?" என்று மகள் கேட்பாள். கூடாது. வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டர்கள் இரண்டை ஒன்றாக விட்டால் ரத்தம் வரச் சண்டையிடும்.

இவற்றின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுகள்தான். கடலையின் நடை தளர்ந்துவிட்டது. சக்கரத்துக்கு ஏற நேற்று ஒரு சிறு மரப்பலகை சாய்த்து வைத்தேன். மோந்து பார்த்து, மெதுவாக ஏறியது.