துறைமுகத்துக்குச் சரக்கு சேர்க்க: லாரியா, ரயிலா, ஆற்றுப் படகா?

இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,000 கன்டெய்னர்கள் வரை ஏற்றக்கூடிய கப்பல்கள் இன்று ஓடுகின்றன. அத்தகைய கப்பல் எந்த ஒரு துறைமுகத்திலும் தன் சரக்கு முழுவதையும் இறக்குவதில்லை என்றாலும், ஒரே வருகையில் சில ஆயிரம் பெட்டிகளை இறக்கிவிட்டு வேறு சில ஆயிரத்தை ஏற்றிக்கொண்டு போகும். அவை கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போக மூன்று வழிகள் உண்டு. இம்மூன்றையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஆகும் செலவிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கில் படகு முதலாவதாகவும் ரயில் இரண்டாவதாகவும் லாரி கடைசியாகவும் வருவது சாதாரணம். அப்படியிருந்தும் பெரும்பாலான துறைமுகங்களில் லாரியே ஆட்சி செய்கிறது என்றால், அந்தக் கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்றுதான் பொருள். ஒரு பெட்டி வழியில் எத்தனை முறை தூக்கி வைக்கப்படுகிறது, எங்கெங்கே காத்துக் கிடக்கிறது என்ற இரண்டுமே விடுபட்டவை என்பது என் கருத்து.

லாரியின் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. யார்டில், அதாவது துறைமுகத்துக்குள் பெட்டிகளை அடுக்கி வைக்கும் திடலில், ஒருமுறை ஏற்றினால், பெட்டி நேராகக் கிடங்கு வாசலில்தான் நிற்கும். இடையில் வேறு கை மாறுவதில்லை. ஆனால் ஒரு லாரி ஒரு நாற்பதடிப் பெட்டியை, அல்லது எடை இடம் கொடுத்தால் இரண்டு இருபதடிப் பெட்டிகளை மட்டுமே சுமக்கும். ஆகவே ஒரு பெரிய கப்பலின் சரக்கு ஆயிரக்கணக்கான தனித்தனி வருகைகளாக உடைகிறது. ஒவ்வொரு வருகையிலும் வாயிலில் வண்டி எண், கன்டெய்னர் எண், சீல், ஆவணம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். உள்ளே போனால், கேட்ட பெட்டி நான்கு பெட்டிகளுக்கு அடியில் இருக்கக்கூடும். கிரேன் மேலே உள்ள நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்து அடுக்கில் வைத்த பிறகே அது வெளியே வரும். அதுவரை ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பார். இந்த வீண் தூக்கலுக்கு யாரும் தனியாகப் பணம் கொடுப்பதில்லை என்பதால் எந்தக் கட்டணப் பட்டியலிலும் அது தென்படுவதில்லை.

இதற்கு மருந்து நேர முன்பதிவு. எந்த வண்டி எந்தப் பெட்டிக்காக எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தால், கிரேன் ஓய்வாக இருக்கும் நேரத்திலேயே அடுக்கைக் கலைத்துத் தயாராக வைத்துவிடலாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005இல் வேறொரு வழி பிடித்தார்கள்: பகலில் நகரும் பெட்டிகளுக்குக் கட்டணம் விதித்து, லாரிகளை இரவுக்கும் வார இறுதிக்கும் தள்ளினார்கள். நெரிசல் பரவியது உண்மை. ஆனால் கட்டணம் முடியும் நேரத்துக்காக வாயிலுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றதும் உண்மை. 2018இல் அங்கே இரண்டு வேளைக்கும் ஒரே கட்டணம் என்று மாற்றி, முன்பதிவை நம்பத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால், இருக்கும் சாலையையும் வாயிலையும் வைத்துக்கொண்டு உடனடியாகச் செய்யக்கூடியவற்றில் முன்பதிவுக்கு இணையானது ஒன்றுதான்: ஏற்றுமதிப் பெட்டியைக் கொண்டுவந்த லாரியே இறக்குமதிப் பெட்டி ஒன்றோடு திரும்புவது. ஒரு வருகையில் இரண்டு வேலை முடிந்தால் வாயிலின் சுமை பாதியாகிறது.

ரயிலில் நிலைமை தலைகீழ். ஒரே இடத்துக்குப் போகும் பெட்டிகள் மொத்தமாக நகர்வதால் வாயில் நெரிசல் பெரிதும் மறைந்துவிடுகிறது. ஆனால் யார்டிலிருந்து தண்டவாளத்தருகே கொண்டுபோக ஒரு தூக்கல், வேகனில் ஏற்ற ஒன்று, உள்நாட்டு நிலையத்தில் இறக்க ஒன்று, பிறகு கிடங்குக்குப் போக லாரியில் ஏற்ற மீண்டும் ஒன்று என்று எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. தூரம் அதிகமாக இருந்தால்தான் இந்தக் கூடுதல் செலவு கரையும். "இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ரயில் லாபம்" என்று ஒரே எண்ணைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கிடங்குகள் உள்நாட்டு ரயில் நிலையத்தை ஒட்டியே அமைந்திருந்தால் அந்த எல்லை வெகுவாகக் குறைந்துவிடும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1989இல் ஃபிரண்ட் ராயல் அருகே தொடங்கப்பட்ட உள்நாட்டுத் துறைமுகம் இந்தக் கணக்கில் அமைந்தது. கரையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, துறைமுகத்தின் வாயிலையே உள்நாட்டில் கொண்டுபோய் வைத்தது போன்ற ஏற்பாடு அது. சுங்கச் சோதனையையும் அத்தகைய இடத்திலேயே முடிக்க முடிந்தால், ஒவ்வொரு பெட்டியின் ஆவணத்துக்காகவும் துறைமுக யார்டு அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை.

தனிப் பாதை போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இரண்டு பாதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 2002இல் திறக்கப்பட்ட அலமேடா வழித்தடத்தின் நீளம் சுமார் 32 கிலோமீட்டர்தான். அதில் பாதி தூரம் தண்டவாளம் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் ஓடுகிறது. ஏறத்தாழ 200 லெவல் கிராசிங்குகளில் சாலையும் ரயிலும் மோதிக்கொண்டிருந்த நிலையை அது தீர்த்தது. மறுமுனையில் கண்டம் கடக்கும் ரயில் பாதைகள் தயாராக இருந்தன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஜெர்மன் எல்லை வரை 2007இல் திறக்கப்பட்ட பெட்டூவே பாதை சுமார் 160 கிலோமீட்டர் நீளமானது, சரக்குக்கென்றே போடப்பட்டது. ஆனால் எல்லைக்கு அப்பால் ஜெர்மனியில் போட வேண்டிய மூன்றாவது தண்டவாளம் பல ஆண்டுகள் பின்தங்கியது. பாதையின் திறன் அதன் மிகக் குறுகலான இடத்தில்தான் தீர்மானமாகிறது.

ஆற்றுப் படகு மலிவிலும் எரிபொருள் சிக்கனத்திலும் முதலிடம். ஐரோப்பாவின் ரைன் ஆற்றில் ஓடும் 135 மீட்டர் நீளப் படகுகள் ஒரே பயணத்தில் சில நூறு பெட்டிகளைச் சுமக்கின்றன. ஆறு இல்லாத இடத்தில் பேச்சே இல்லை. இருக்கும் இடத்தில் நீர் குறைந்தால் சிக்கல்: 2018 அக்டோபரில் ஜெர்மனியில் ரைன் கரையிலுள்ள கௌப் என்ற இடத்தில் நீர் அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியபோது, படகுகள் தம் கொள்ளளவில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றி ஓட நேர்ந்தது. ஆனால் நீரைவிட அன்றாடம் அதிகம் படுத்துவது துறைமுகத்துக்குள் நடக்கும் காத்திருப்பு. முனையத்துக்கு, அதாவது துறைமுகத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் தளத்துக்கு, பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் கப்பல் நிறுவனம். படகுக்காரருக்கும் முனையத்துக்கும் இடையே பெரும்பாலும் ஒப்பந்தமே இருப்பதில்லை. ஆகவே பெரிய கப்பல் தாமதமாக வந்தால் அதற்கே கிரேன் போகும். இங்கே இருபது, அங்கே முப்பது என்று முனையம் முனையமாகப் பெட்டி பொறுக்கும் படகு ஒதுங்கி நிற்கும். ஒரு முனையத்தில் ஏற்பட்ட தாமதம் அடுத்த முனையத்தின் நேரத்தையும் கெடுக்கும். சிறு எண்ணிக்கைகளை ஓரிடத்தில் சேர்த்து, முனையம் ஒன்றுக்கு ஒரே பெரிய தொகுதியாக அனுப்புவதுதான் இதற்குப் பலன் தரும் தீர்வு.

ஆக, அருகிலுள்ள கிடங்குகளுக்கும் அவசரச் சரக்குக்கும் லாரி. ஒரே திசையில் நிலையாகப் போகும் பெருந்தொகைக்கு ரயில். நாட்கணக்கில் பொறுக்கக்கூடிய கனமான சரக்குக்குப் படகு என்று பிரிப்பேன். ஆனால் ஒன்றை முழுவதுமாக நம்பி மற்றதைக் கைவிடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். 2017 ஆகஸ்டில் ஜெர்மனியின் ராஷ்டாட்டில் சுரங்கப் பணியின்போது தண்டவாளம் அமிழ்ந்து, ரைன் பள்ளத்தாக்கின் முக்கிய ரயில் பாதை ஏழு வாரங்களுக்கு மேல் மூடிக் கிடந்தது. மாற்றுப் பாதைகளில் இடம் போதவில்லை. சரக்கின் ஒரு பகுதி லாரிக்கும் படகுக்கும் மாறியது. அந்த இரண்டிலும் அன்றாடம் கொஞ்சமாவது பெட்டி அனுப்பி, முனையத்தோடும் ஓட்டுநர்களோடும் தொடர்பு வைத்திருப்பவர்களுக்கே அத்தகைய நாளில் இடம் கிடைக்கும்.