பூ நகைக்கு யூவி ரெசினா, எபாக்ஸியா?

கல்யாண மாலையின் ரோஜாவைப் பதக்கமாக்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் பூவின் மேல் ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் இந்த இரண்டு ரெசின் திரவங்களுக்கும் நடுவில்தான் தயங்குகிறார்கள்.

நேரம்: யூவி, புற ஊதா (யூவி) விளக்கொளியில் சில நிமிடங்களில் இறுகும். எபாக்ஸிக்கு ஒரு நாளாவது வேண்டும்.

செலவு: அளவுக்கு அளவு எபாக்ஸி மலிவு. யூவிக்கு விளக்கும் வாங்க வேண்டும்.

சுலபம்: யூவியில் கலக்கும் வேலை இல்லை. எபாக்ஸியில் இரண்டு திரவங்களின் விகிதம் தவறினால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஆனால் தடித்த இதழுக்கு அடியில் யூவி ஒளி புகாது, அங்கே ரெசின் இறுகாமலே நின்றுவிடும். மெல்லிய அடுக்குகளாகத்தான் ஊற்ற வேண்டும்.

ஆயுள்: வெயிலில் இரண்டுமே மஞ்சளாகும். பூவில் ஈரம் மிஞ்சினால் இதழும் பழுப்பாகிவிடும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் ஒரு வாரம் வைத்து நன்றாக உலர்த்துங்கள்.

தட்டையாக அழுத்திய சின்னப் பூவில் கம்மல் என்றால் யூவி. முழு மொட்டு வைத்த கனமான பதக்கம் என்றால், பொறுமையாக எபாக்ஸிதான். எதுவானாலும் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.