வெளிநாட்டு ஓடர் மலையகம் வந்து சேர: தபால், கூரியர், கிலோ ஏஜென்ட்

பற்றரியில் ஓடும் கவாத்துக் கத்தரியை வெளிநாட்டுத் தளத்தில் பார்த்து, "இங்கத்தைக் கடை விலையில் பாதிதானே" என்று ஓடர் போடுகிறவர்கள் வரியை மறந்துவிடுகிறார்கள். ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ அதை வரவழைக்க மூன்று வழி உண்டு. மூன்றிலும் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: வரி எவ்வளவு என்று பிரித்து எழுதிய தாள் கையில் கிடைக்குமா?

முதலில் கணக்கு. பொருளின் விலை, அனுப்பும் கட்டணம், காப்புறுதி மூன்றையும் சேர்த்தே சுங்கம் பெறுமதி பார்க்கும். டொலரை ரூபாயாக மாற்றுவது சுங்கத் திணைக்களம் வாராவாரம் வெளியிடும் விகிதத்தில். உங்கள் வங்கி அட்டையில் வெட்டிய விகிதத்தில் அல்ல. அந்தப் பெறுமதி 20,000 ரூபாய், பொருளுக்குரிய சுங்கத் தீர்வை 20%, துறைமுக விமான நிலைய வரி 10% என்று வைத்துக்கொள்வோம். தீர்வை 4,000, துறைமுக வரி 2,000. அடுத்தது பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரியிலிருந்து 18%. பலர் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் இது 20,000க்கு விழுவதில்லை. 20,000உடன் அதன் 10% கூட்டி (இது துறைமுக வரியல்ல, கணக்குக்காகச் சேர்ப்பது) 22,000, அதோடு தீர்வையும் துறைமுக வரியும் சேர்த்து 28,000. அதற்கு 18% என்றால் 5,040. அதே 28,000க்கு 2.5% சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரி 700. மொத்தம் 11,740 ரூபாய். செஸ் என்ற மேலதிக இறக்குமதி வரி உள்ள பொருளானால் அதுவும் அந்த 28,000இல் ஏறிக்கொள்ளும்.

தீர்வை வீதம், பொருளைச் சுங்கம் வகைப்படுத்தும் எண்ணான எச்.எஸ். குறியீட்டைப் பொறுத்தது. கையால் அழுத்தி வெட்டும் கத்தரி 8201இல் வரும், மோட்டார் வைத்தது 8467இல். விற்பவர் இன்வொய்ஸில் வெறுமனே "கருவி" என்று எழுதினால் எந்தக் குறியீடு என்பது அதிகாரியின் கையில். ஓடர் போடும்போதே பொருளின் பெயர், மின்கலத்தில் இயங்குவதா, மொடல் எண், உண்மையான விலை நான்கையும் எழுதச் சொல்லுங்கள். "அன்பளிப்பு" என்று எழுதச் சொல்வதும் விலையைக் குறைத்துப் போடச் சொல்வதும் பொதியை மறிக்கவைக்கும், தண்டப்பணமும் வரலாம்.

கூரியர்தான் எங்கள் முதல் தெரிவு. கட்டணம் அதிகம், ஆனால் சுங்கப் பிரகடனத்தை அவர்களே போடுகிறார்கள், ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பிரித்த பிரதியும் கேட்டால் கிடைக்கும். அவர்கள் வாங்கும் கையாளல் கட்டணம் வரியல்ல. அதைப் பிரித்துத் தனியாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

தபால் சிறிய, விலை குறைந்த பொருளுக்கு நல்லது. உபரிப் பற்றரியைத் தனியாகத் தபாலில் எடுக்க முடியாது. கருவிக்குள் பூட்டிய பற்றரி, 100 வொட்-மணிக்கு மேற்படாமல் இருந்தால் சரி. 21 வோல்ட், 4 அம்பியர்-மணி என்றால் இரண்டையும் பெருக்க 84, தப்பும். சுங்கத்தில் கேள்வி எழுந்தால் கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகம் வரை போகவேண்டி வரலாம். ஹட்டனிலிருந்து போனால் அது ஒரு நாள் சம்பள இழப்பு.

கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கும் ஏஜென்டைக் கடைசியில்தான் வைப்போம். பார்க்க மலிவு. ஆனால் பிரகடனம் அவர் பெயரில் போகிறது. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த தோட்டக் கம்பெனியோ கடையோ, தன் பெயரில் பிரகடனம் இல்லாமல் அந்த 5,040ஐத் தான் அரசுக்குக் கட்டவேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. பதிவில்லாத சிறுதோட்டக்காரருக்கு எப்படியும் அது செலவுதான், என்றாலும் பொதி மறிபட்டால் வாதாடக் கையில் தாள் வேண்டும். அமெரிக்கக் களஞ்சிய முகவரி தரும் ஏஜென்டாக இருந்தால் அது எந்த மாநிலம் என்று கேளுங்கள். டெலவெயர், ஒரிகன் இரண்டிலும் மாநில விற்பனை வரி இல்லை. நியூ ஜெர்சியில் 6.625%. அங்கே கட்டியது இங்கே கழிபடாது.

தோட்ட லயத்து வீட்டு முகவரிக்கு எதையும் அனுப்பச் சொல்லாதீர்கள். தபால் தோட்ட ஆபீசுக்குப் போகும், அறிவித்தல் அங்கேயே கிடக்கும், களஞ்சியக் கட்டணம் ஏறும். டவுனில் உள்ள கூரியர் கிளையில் எடுப்பதாக எழுதுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டால் பொதியைத் தர மறுப்பார்கள். கைத்தொலைபேசி எண் கட்டாயம்.

வரி கட்டினாலும் விடாத பொருள்களும் உண்டு. காட்டுப்பன்றிக்கென்று துப்பாக்கியோ அதன் பாகமோ ஓடர் போடவே வேண்டாம். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி முதலில். நுவரெலியாவில் கரட், லீக்ஸ் விதை எடுக்க நினைப்பவர்களுக்குத் தாவரத் தொற்றுக்காப்பு அனுமதி வேண்டும். கைத்தொலைபேசி என்றால் பணம் கட்டுமுன் விற்பவரிடம் அதன் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கேட்டு, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்று 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள், எண்ணைத் தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.