ரீப்பரா, ஸ்கார்பியனா, நாகாவா? டர்பன் கறிச்சட்டிக்கு எது?

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மிளகாய்ச் செடி வைக்காத தமிழர் வீடு குறைவு. இப்போது பலர் அதோடு உலகின் மகா காரமான ரகங்களையும் வளர்க்கிறார்கள். அவற்றில் கரோலினா ரீப்பர், மொருகா ஸ்கார்பியன், நாகா மூன்றையும் சுவைத்துப் பார்த்துச் சொல்கிறேன்: சமையலுக்கு நாகாதான்.

கார அளவில் நாகா கடைசி. வடகிழக்கு இந்தியாவின் இந்தப் பூத் ஜலோக்கியா, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் 10 லட்சத்தைத் தாண்டி, உலகின் மகா காரமான மிளகாயாக 2007இல் கின்னஸில் ஏறியது. 2012இல் ட்ரினிடாடின் மொருகா ஸ்கார்பியன் சராசரி 12 லட்சத்தைத் தாண்டியது. கரோலினா ரீப்பருக்கு 2017 கணக்குப்படி சராசரி 16,41,183. அதை உருவாக்கிய எட் கரியின் பெப்பர் எக்ஸ் 2023இல் 26,93,000 என்று பட்டத்தைப் பறித்தது. நம் பிரி பிரி மிளகாய் 1 லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கும். ஆக, மூன்றில் எதுவுமே சாதாரணமில்லை.

ருசிக்கு வருவோம். ரீப்பரைப் பிளந்ததும் நல்ல பழ வாசனை, நாக்கில் பட்டதும் லேசான இனிப்பு. அதை உணர்வதற்குள் காரம் தொண்டையைப் பிடித்துவிடும். குழம்பில் போட்டால் மல்லி, சோம்பு, கறிவேப்பிலை எதுவும் தெரியாது. வினிகர் சாஸில் சொட்டுச் சொட்டாகத்தான் இது சரி. முழுப்பழத்தைக் கடிக்கும் போட்டி அறவே வேண்டாம். அப்படிப் போட்டியில் ரீப்பர் தின்ற 34 வயது அமெரிக்கர் ஒருவருக்கு மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கி, இடி விழுந்தாற்போல் தலைவலி வந்ததை 2018இல் மருத்துவ இதழிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஸ்கார்பியன் நிதானமாக ஏறும். 'இவ்வளவுதானா?' என்று அடுத்த துண்டை எடுத்தவர் மாட்டினார். மாங்காய் அச்சாருக்குக் கொஞ்சம் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

நாகாவும் தாமதமாகத்தான் சுடும். ஆனால் அதற்கு முன் வாசனையை முழுசாகத் தந்துவிடும். ஆட்டுக்கறி கொதிக்கையில் காம்போடு ஒரு பழத்தைக் கீறாமல் போட்டு, அது வெடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள். கறி முழுக்க அந்த மணம் இறங்கியிருக்கும், மசாலாவும் தன் இடத்தில் இருக்கும். சுகர் பீன்ஸ் கறிக்கும் இதே முறைதான். பன்னி சாவ் (bunny chow) செய்ய, குடைந்த ரொட்டிக்குள் இந்தக் கறியை ஊற்றினால் ரொட்டி அந்தக் காரத்தை அழகாக வாங்கிக்கொள்ளும்.

சுவைத்துப் பார்க்க நினைத்தால் பழத்தின் நுனியில் அரிசி அளவு வெட்டுங்கள். விதையில் காரம் சுரப்பதில்லை, அது ஒட்டியிருக்கும் வெளிர் சவ்வில்தான் சுரக்கிறது. இந்த ரகங்களில் சதையின் உட்புறத்திலும் காரம் உண்டு, அதனால் சவ்வை எடுத்தாலும் தப்ப முடியாது. கையுறை கட்டாயம். தண்ணீர் குடித்துப் பயனில்லை, காரத்தைத் தரும் கேப்சைசின் அதில் கரையாது. ஒரு கிண்ணம் அமாசியை (புளித்த பால்) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கொழுப்பும் பால் புரதமும் காரத்தைப் பிடித்துக் கழுவும். அமாசியின் முதல் வாயை விழுங்காமல் நாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள்.