வியட்நாமின் வயலும் கியூபாவின் 12 நாற்காலியும்

இரண்டு நாட்டையும் ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சிதான். இரண்டும் சந்தைக்குக் கதவைத் திறந்தன. திறந்த அளவுதான் வேறு.

1986 டிசம்பர் கட்சி மாநாட்டில் வியட்நாம் ‘தோய் மோய்’ சீர்திருத்தத்தை அறிவித்தபோது, விலைவாசி ஆண்டுக்கு 700 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. 1988-இல் கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களிடம் நீண்டகாலத்துக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நிலம் அரசுடையதுதான், ஆனால் விளைச்சல் பெரும்பாலும் உழுதவன் கைக்கு வந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வடக்கே பட்டினி; மறு ஆண்டே பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி! அதே வயல், அதே கைகள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கியூபா சோவியத் உதவி நின்ற பிறகு, 1993-இல் சுயதொழிலைக் கொஞ்சம் தளர்த்தியது. அப்புறம் வந்த வீட்டு உணவகங்களில் 12 நாற்காலிக்கு மேல் போடக்கூடாது என்று அப்போது விதி இருந்தது. சிறு, நடுத்தரத் தனியார் நிறுவனங்களுக்கோ 2021 வரை காத்திருப்பு.

அமெரிக்கத் தடை கியூபாவை நெரிப்பது உண்மை. வியட்நாமுக்கு அது 1994-இல் நீங்கியது. சரி, ஆனால் கியூபா உழவர்கள் விளைச்சலில் பெரும்பங்கை அரசு கொள்முதலுக்கே கொடுக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்கா போடவில்லையே. பல ஆண்டுகளாகக் கியூபாவுக்கு அரிசி வியட்நாமிலிருந்துதான் கப்பலேறி வருகிறது.